விருந்தா, வில்லங்கமா?

நடுவர் அவர்களே, சங்கத்துப் பெரியவர்களே, பட்டிமன்றம் முடிந்தால்தான் பந்தி என்று அறிவித்துவிட்டதால் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஹூஸ்டன் நண்பர்களே, வணக்கம்.

"வீகனுக்கு மெக்சிகோ சாப்பாடு விருந்தா, வில்லங்கமா?" இதுதான் தலைப்பு. வீகன் என்றால் கறி, மீன், முட்டையோடு பால், நெய்யையும் தொடாதவர். எதிரணித் தலைவர் பட்டியல் போட்டுவிட்டுப் போனார். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு, சோற்றில் கோழி வேகவைத்த தண்ணீர், மிச்சம் இருக்கிற இடத்தில் சீஸ். "மெக்சிகன் கடைக்குள் நுழையும் வீகனுக்குப் பல் குத்தும் குச்சி ஒன்றுதான் மிச்சம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அய்யா, அந்தப் பட்டியல் உண்மை. நான் மறுக்கவில்லை. மறுக்கும் யோக்கியதையும் எனக்கு இல்லை. பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்ட புதிதில், ஆபீஸ் பக்கத்து மெக்சிகன் கடையில் ஏழு மாதம் தினமும் மதியம் மசித்த பீன்ஸ் சாப்பிட்டவன் நான். பீன்ஸ்தானே, கொடியில் காய்ப்பதுதானே! ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், "எப்படி இவ்வளவு மணமாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். அந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்தி ஒரே வார்த்தை சொன்னார்: "மந்தேகா." போனில் தட்டிப் பார்த்தேன். பன்றிக்கொழுப்பு. ஏழு மாதம்! ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தேன். "நான் ஒரு கரண்டி தயிர் ஊத்துனா அந்தக் குதி குதிச்சியேடா" என்றார்.

சிரியுங்கள். எதிரணியும் சிரிக்கட்டும். ஆனால் நடுவர் அவர்களே, நான் அத்தோடு கடையை மாற்றிக்கொண்டு போய்விடவில்லை. அந்தப் பன்றி அங்கே எப்படி வந்தது என்று தேடினேன்.

1519இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்த்தேஸ் மெக்சிகோ கரையில் இறங்குகிறார். 1521இல் அஸ்டெக் மக்களின் தலைநகரம் தெனோச்தித்லான் விழுகிறது. பன்றி, மாடு, ஆடு, கோழி எல்லாம் ஸ்பானியர் கப்பலில் வந்தவை. அதற்கு முன் அந்த மண்ணில் கறக்கிற பிராணி என்று ஒன்று கிடையாது. பால் இல்லாத இடத்தில் சீஸ் ஏது, வெண்ணெய் ஏது? அந்த மண்ணின் மக்கள் ஒன்றும் வள்ளலார் வழியில் வாழ்ந்தவர்கள் இல்லை. வான்கோழி சாப்பிட்டார்கள், நாய் சாப்பிட்டார்கள், வெட்டுக்கிளியை இன்றைக்கும் வறுத்துச் சாப்பிடுகிறார்கள். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு வேலை மிச்சம். ஆனால் அந்தச் சமையலின் அஸ்திவாரம் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, மிளகாய், தக்காளி. அவகாடோவும் அந்த மண்ணின் பிள்ளைதான். கொழுப்பும் சீஸும் குடக்கூலிக்கு வந்தவை. எதிரணியினர் மாடியில் வாடகைக்கு இருப்பவரைப் பார்த்துவிட்டு, அவர்தான் வீட்டுக்காரர் என்று பத்திரம் எழுதுகிறார்கள்!

அஸ்திவாரம் என்றேனே, அதைக் கொஞ்சம் காட்டிவிட்டுப் போகிறேன். மக்காச்சோளத்தை அப்படியே அரைத்தால், டார்ட்டிலா என்கிற அவர்கள் ஊர் ரொட்டி வராது. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க ஊற விட வேண்டும். ஆமாம், வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பின் ஜாதிதான். இதற்கு நிஸ்தமால் என்று பெயர். காலையில் கையை விட்டுத் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். வாசம், புதிதாக வெள்ளையடித்த வீட்டில் சோளக்கதிர் அவித்த மாதிரி இருக்கும். கழுவி அரைத்தால் மாவு. அந்தக் காலத்தில் அரைத்தது மெத்தாத்தே என்கிற கல்லில். நம் அம்மிக்குக் கால் முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி. சோளம், தண்ணீர், சுண்ணாம்பு, முடிந்தது கதை.

இது வெறும் பக்குவம் இல்லை, மருந்து. சுண்ணாம்பில் வேகவைத்தால்தான் மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமின் நம் உடம்பில் சேரும். ஐரோப்பாக்காரர்கள் சோளத்தை மட்டும் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிட்டார்கள். வட இத்தாலியில் ஏழைகளுக்குப் பெல்லாக்ரா வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து ஜனங்கள் செத்தார்கள். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அதே கதை. சோளத்தோடு பிறந்த மெக்சிகோவில் அந்த வியாதி அப்படித் தலைவிரித்து ஆடவில்லை. கூடவே பீன்ஸ். சோளத்தில் குறைகிற லைசின் என்ற புரதச் சத்து பீன்ஸில் இருக்கிறது. நம் இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்ந்து செய்கிற அதே வேலை. "புரதத்துக்கு என்னப்பா செய்வ?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கும் மாமாக்கள் முன்வரிசையில் இரண்டு பேர் இருக்கிறீர்கள். இதுதான் மாமா பதில். பி12 வைட்டமினுக்கு மாத்திரை போடுகிறேன், அதற்குச் சோளத்தைக் குறை சொல்ல முடியாது.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆபீஸ் வேலையாக ஆறு வாரம் மெக்சிகோ நகரத்தில் இருந்தேன். சந்தை வாசலில் ஓர் அம்மா, தகர அடுப்பு, அதன்மேல் கோமால் என்கிற தட்டைக் கல். கிட்டத்தட்ட நம் தோசைக்கல். நீலச் சோளமாவு, ஈரத்தில் சாம்பல் பூசின நிறம். ஓர் உருண்டையைக் கிள்ளி, கட்டைவிரலால் குழிபண்ணி, மசித்த பீன்ஸை உள்ளே வைத்து மூடி, இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தட்டுகிறார். வட்டமாக வரவில்லை, படகு மாதிரி இரண்டு முனையும் கூர்மை. பெயர் த்லகோயோ. ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் கல்லில் போடுகிறார். ஓரம் கருகும்போது வருகிற மணம் இருக்கிறதே, என் பாட்டி சுட்ட கம்பு அடைக்கு அப்புறம் நான் அதை மோந்ததே இல்லை.

மேலே அள்ளி வைத்தது நோபால். கிரிக்கெட் இல்லை அய்யா, சப்பாத்திக்கள்ளி! நாம் வேலிக்கு நட்டுவிட்டு, முள் குத்தினால் திட்டுகிறோமே, அந்த இனம்தான். அங்கே தேசியக் கொடியிலேயே கழுகு அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. முள்ளைச் சீவி, நறுக்கி, வேகவைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் போட்டு வைத்திருந்தார். வெண்டைக்காய் மாதிரி லேசான வழவழப்பு, மாங்காய் மாதிரி லேசான புளிப்பு. பச்சை சல்சா என்கிற சட்னியை ஊற்றினார். அடுத்து சீஸைத் தூவக் கையை எடுத்தவர், நான் பதறியதைப் பார்த்து, "சின் கேசோ?" என்றார். சீஸ் வேண்டாமா என்கிறார். தலையாட்டினேன். தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டை நீட்டினார். அவ்வளவுதான், வழக்கே இல்லை! நம் ஊர்க் கல்யாணத்தில் நெய் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், பந்தி விசாரிக்கிறவர் மூன்று பேருக்கும் தனித்தனியாக வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. கேசோ என்றால் சீஸ், அதிலிருந்து வந்த பெயர்தான் கேசடியா, உள்ளே ஏதாவது வைத்து மடித்த டார்ட்டிலா. ஆனால் மெக்சிகோ நகரத்தில் கேசடியா கேட்டால், "சீஸ் போட்டதா, போடாததா?" என்று கேட்கிறார்கள்! மற்ற ஊர்க்காரர்கள் இதற்கு வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். அது அந்த நாட்டின் ஓயாத பட்டிமன்றம், நடுவர் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. நான் எந்த அணி என்று சொல்ல வேண்டியதில்லை. பூசணிப்பூ வைத்துக் கேட்டேன். மார்கழியில் நாம் சாணியில் குத்திக் கோலத்தில் வைக்கிறோம், அவர்கள் வதக்கி உள்ளே வைக்கிறார்கள். மக்காச்சோளத்தில் கரிப்பூட்டை என்கிற பூஞ்சை விழுந்தால் நம் விவசாயி தலையில் கை வைப்பார். அங்கே அதற்கு விட்லகோச்சே என்று பெயர் சூட்டி விலையை ஏற்றுகிறார்கள்!

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "ஒவ்வொரு கடையிலும் விசாரணை நடத்திச் சாப்பிடுவது விருந்தா?" நியாயம். நான் மூன்றே கேள்வி வைத்திருக்கிறேன். மந்தேகா இருக்கிறதா, கோழி கால்டோ, அதாவது கோழிச்சாறு இருக்கிறதா, கிரேமா என்கிற பாலாடை இருக்கிறதா. கார்னே என்றால் இறைச்சி. "கார்னே வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கோழி வந்து நிற்கும், அவர்கள் பேச்சில் கார்னே பெரும்பாலும் மாடுதான். பானையில் எபசோத்தே தழை போட்டு அவித்த பீன்ஸ் இருக்கிறதா என்றும் கேட்பேன், மசித்த பீன்ஸைவிட அதில் கொழுப்பு இருக்க வாய்ப்பு குறைவு. வாயுவுக்கு நாம் பெருங்காயம் போடுகிறோம், அவர்கள் அந்தத் தழை போடுகிறார்கள். மோலே குழம்பில் மட்டும் நான் இன்னும் ஏமாறுகிறேன், ஒப்புக்கொள்கிறேன். பார்த்தால் வற்றக்குழம்பு, கேட்டால் கோழிச்சாறு.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே நிமிடம். மேடையேறும் முன் சங்கத்து அடுக்களைக்குப் போய், "எனக்கு என்ன இருக்கிறது?" என்று விசாரித்தேன். பொங்கலில் நெய், அவியலில் தயிர், பாயசத்தில் பால், சாம்பாரிலும் "வாசத்துக்கு" நெய்யில் தாளிதம். ஊறுகாயும் அப்பளமும் தருகிறோம் என்று அன்பாகச் சொன்னார்கள். கோபமில்லை. என் கார் டிக்கியில் ஒரு தூக்குப்பாத்திரம் இருக்கிறது, துணியில் சுற்றின டார்ட்டிலா, பானை பீன்ஸ், பச்சை சல்சா. நாலு பேருக்குக் காணும். எதிரணித் தலைவருக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். நடுவருக்கு இரண்டு. லஞ்சம் இல்லை அய்யா, சூடு ஆறுவதற்குள் வந்துவிடுங்கள். வணக்கம்.