நாகதாளிப் பழத்தைக் காயவைக்கலாமா? ஒரு கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற காணொளியைப் பார்த்துவிட்டு, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். "நாகதாளிப் பழத்தை நறுக்கி மொட்டை மாடியில் நான்கு நாள் காயவைத்தேன். பழுப்பாகிப் பூசணம் பிடித்துவிட்டது. எப்படிக் காயவைத்துப் பொடி செய்வது? கணவருக்குச் சர்க்கரை நோய், மகளுக்கு இரத்தம் குறைவு. இருவருக்கும் கொடுக்கலாமா?"

அம்மா, உங்கள் கையில் தவறில்லை. நாகதாளி, அதாவது சப்பாத்திக்கள்ளியின் பழம் காயவைக்க ஏற்றதே அல்ல. பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சம் சர்க்கரை, வழவழப்பான பசை, கல் போன்ற விதைகள். பசை தண்ணீரை எளிதில் விடாது. சர்க்கரை பூசணத்தை அழைத்துவிடும். அந்தச் சிவப்பு, பீட்ரூட்டில் இருக்கும் அதே வகைச் சாயம். சூடும் வெளிச்சமும் பட்டால் சிதைந்து பழுப்பாகிவிடும். பழத்தைப் பறித்த அன்றே சாப்பிடுங்கள். சுணையைச் சாக்கில் உருட்டித் தேய்த்து நீக்கி, தோலை உரித்து, சாற்றை வடிகட்டி விதையைத் தள்ளிவிடுங்கள். விதையோடு நிறையத் தின்றால் அது குடலில் திரண்டு அடைத்துக்கொள்ளும். மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு ஆனவர்களும் உண்டு.

உங்கள் மகளைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் பழம் இரத்தத்தை ஊறவைக்கும் என்று பலரும் நம்புவதற்கு அதன் நிறம்தான் காரணம். இரத்தத்தின் சிவப்பில் இரும்பு இருக்கிறது. பழத்தின் சிவப்பில் இரும்பு கிடையாது. பழத்திலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பு உடலில் சேர உதவும். அந்த அளவுக்கு நல்லது. ஆனால் மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பாதீர்கள். சாறு குடித்தபின் சிறுநீர் சிவந்து போனால் பயப்பட வேண்டாம், அது வெறும் சாயம்.

காயவைக்க ஏற்றது மடல்தான். நாம் இலை என்கிறோமே, அது உண்மையில் தண்டு. முள் முற்றாத இளம் மடலை மதியத்துக்குப் பிறகு வெட்டுங்கள். இந்தச் செடி இரவில் காற்றை இழுத்துப் புளிப்பாகச் சேமித்து, பகலில் அதைச் செலவழிக்கிறது. அதிகாலையில் வெட்டிய மடல் புளிக்கும். மாலையில் வெட்டியது அவ்வளவு புளிக்காது. இடுக்கியால் பிடித்துத் தீயில் வாட்டிச் சுணையைக் கருக்கி, ஓரத்தைச் சீவி, கழுவித் துடைத்து, பிறகு விரல் அகலத்துக்கு மெல்லிய கீற்றுகளாக நறுக்குங்கள். நறுக்கியபின் கழுவினால் பசை முழுவதும் ஓடிவிடும். பயன் இருப்பதே அந்தப் பசையில்தான். நிழலில், காற்றோட்டமான இடத்தில், வலைத்தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, தினமும் புரட்டுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் ஐம்பது, அறுபது டிகிரி போதும். வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். பத்துக் கிலோ மடலுக்கு ஒரு கிலோ தேறினால் பெரிது. பொடித்தபின் மெல்லிய துணியில் இரண்டு முறை சலியுங்கள். தப்பிய சுணை ஒன்று இருந்தாலும் தொண்டையைக் குத்தும். ஈரம் புகாத கண்ணாடிக் குப்பியில் வைக்க வேண்டும்.

வெட்டும் முன் செடியை நன்றாகப் பாருங்கள். ஒடித்த இடத்தில் பால் வடிந்தால் அது சப்பாத்திக்கள்ளி அல்ல, சதுரக்கள்ளி போன்ற வேறு கள்ளி. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மடலில் பஞ்சு போல் வெள்ளையாகப் பூச்சி ஒட்டியிருந்தாலும் விட்டுவிடுங்கள். நசுக்கினால் இரத்தம் போல் சிவக்கும் பூச்சி அது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சாயம் எடுப்பதற்காக 1795இல் இந்த இனப் பூச்சி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பின்னர், காடாக மண்டிவிட்ட கள்ளியை ஒழிக்க 1926இல் இன்னொரு வகையை இலங்கையிலிருந்து வரவழைத்தார்கள். நம் தாத்தா காலத்து வேலிகள் பல அழிந்துபோனது அதனால்தான்.

இனி உங்கள் கணவருக்கு. மெக்சிகோவில் மடல் அன்றாடக் கறி. அங்கே 1980களில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சுட்ட மடல் அரைக் கிலோ கொடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கியது. அரைக் கிலோ என்பதைக் கவனியுங்கள்! நாம் ஒரு தேக்கரண்டிப் பொடியைப் பற்றிப் பேசுகிறோம். அவர்கள் கொடுத்தது வேறு இனம். காய்ந்த பொடியைக் குளிகையாகக் கொடுத்தபோது அப்படி உடனே இறங்கவும் இல்லை. அதனால் பொடியை நார்ச்சத்தாக எண்ணி, மோரில் கலந்து சாப்பாட்டுக்கு முன் கொடுங்கள், மருந்தாக எண்ண வேண்டாம். அவர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். சிறுநீரகக் கல் இருந்தவர் என்றால் வேண்டவே வேண்டாம், மடலில் ஆக்சலேட் அதிகம்.

பூசணம் பிடித்த அந்தப் பழத்தை மாட்டுக்கும் போடாதீர்கள். வேலியோரம் குழி தோண்டிப் புதையுங்கள். விதை முளைத்தால் முளைக்கட்டும்.