பழைய டெஸ்க்டாப் இரைகிறதா? ஃபேனை மாற்றுவதற்கு முன் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்

(திரை இருட்டாக இருக்கிறது. 'ஹ்ஹூம்' என்று இரைச்சல் மட்டும் கேட்கிறது.)

இது மிக்சி இல்லை. தண்டையார்பேட்டையில் ஒரு ஜாப் டைப்பிங் கடையின் டெஸ்க்டாப். வயது பன்னிரண்டுக்கு மேல். "ஆன் பண்ணா பத்து நிமிஷம் நல்லாப் போவுது தம்பி, அப்புறம் தெருவுக்கே கேக்குது. ரிச்சி ஸ்ட்ரீட்ல புது ஃபேன் ஒண்ணு வாங்கியாந்து போட்டுடு" என்றார் கடைக்கார அண்ணன்.

ஃபேன் பாவம். சூடு ஏறினால் அதை வேகமாகச் சுற்றச் சொல்வது மதர்போர்டு. அது சொன்னபடி சுற்றுகிறது, அவ்வளவுதான். காற்று பாயும் சீரான இரைச்சல் என்றால் பிரச்சினை சூட்டில். கரகர என்றால் ஃபேனின் பேரிங் தேய்ந்திருக்கிறது, அதைத்தான் மாற்ற வேண்டும். டக் டக் என்றால் ஏதோ ஒயர் இறக்கையில் உரசுகிறது.

(பயாஸ் திரை.)

சந்தேகம் இருந்தால் ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் வரும் செட்டிங்ஸ் திரைக்குள், போங்கள். ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் சிபியூ, அதாவது பிராசசரின் சூடு தெரியும். இந்தக் கடையில், ஒரு வேலையும் ஓடாதபோதே 81 டிகிரி. நம் ஊர் மே மாதத்தில் அறையே 37, 38 போகும், அதனால் 50ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 81 சரியில்லை. 100ஐ நெருங்கினால் பெரும்பாலான பிராசசர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'சிஸ்டம் ஸ்லோ' என்ற புகாருக்கும் சில நேரம் இதுதான் காரணம்.

சரி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டைத் திறக்கலாம். முதலில் அதன் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் ஸ்டாடிக் போய்விடும்.

(கேமரா நெருங்குகிறது.)

மேலே பார்த்தால் பெரிதாகத் தூசி இல்லை. அண்ணன் மாதாமாதம் ப்ளோயர் அடிக்கிறாராம். ஏமாறுவது இங்கேதான். பிராசசர் மேல் இருக்கும் ஃபேனை மட்டும் தனியாகக் கழற்றினேன். அடியில், பிராசசரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் மேல், சாம்பல் நிறத்தில் ஒரு படலம். நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் ஜமுக்காளத் துண்டு மாதிரி முழுசாகக் கையோடு வருகிறது. ராத்திரி முழுக்க ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி, கடலின் ஈரக்காற்றில் அமுங்கி அமுங்கி இப்படி ஆகிவிடுகிறது. பக்கத்திலேயே கேரம் கிளப், அந்தப் பவுடரும் கொஞ்சம் இருக்கலாம்! ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று இந்தத் துணியைத் தாண்டிப் போகவில்லை.

படலத்தை எடுத்துவிட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் தகடுகளின் இடுக்கைத் தள்ளுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும். கரன்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து ஊதினால் போதும், திறக்கவே கூடாது. பிளக் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

அடுத்து, பிராசசரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட். ஹீட்சிங்க்கைத் தூக்கினால் பிராசசர் மேல் பழைய பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து கிடந்தது. பழைய ஏஎம்டி பிராசசர் வைத்திருப்பவர்கள் நேராக இழுக்காதீர்கள், பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரலாம். சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது மெல்லத் திருகி எடுங்கள். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு மிளகு அளவு புதுப் பேஸ்ட் போதும். தோசை வார்ப்பதுபோல் ஊற்றாதீர்கள்.

இன்டெல் பிராசசரோடு வரும் கூலர் (ஃபேனும் ஹீட்சிங்க்கும் சேர்ந்தது) என்றால் பொதுவாக நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பின் இருக்கும். குறுக்கே எதிரெதிர் மூலையாக 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் கூலர் சாய்ந்து, பழையபடி சூடு ஏறும். இதில் நானே ஒருமுறை மாட்டி ஒரு மணி நேரம் முழித்தேன்.

கடைசியாக, கேபினெட்டை டேபிளின் மூடிய பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம்.

(மறுபடி பயாஸ் திரை: 52.)

அண்ணன் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "தம்பி, சீலிங் ஃபேன் இவ்ளோ சத்தம் போடுதுன்னு இப்பதான் தெரியுது. அதையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போ."