ஓட்டம் தண்டனை, சாக்லெட் பரிசு

(பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர் அவர்களே, மேலாண்மைக் குழுவினரே, பெற்றோரே, சக ஆசிரியர்களே, உட்காரச் சொல்லியும் உட்காராமல் கடைசியில் நின்றே கேட்கும் வாசல் கடை அண்ணாச்சி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘மாணவர் நலமும் உடல் பருமனும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. முப்பத்தோரு வருஷம் கழுத்தில் விசிலோடு திரிந்த பி.இ.டி. வாத்தியார். அதுவும் விருதுநகர் மாவட்டத்தில் நின்றுகொண்டு இதைப் பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எண்ணெய்ப் பரோட்டாவை விடுங்கள் என்று சொன்னால் ராத்திரி பஸ் ஏற விடமாட்டீர்கள். சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று இந்தப் பக்கம் எந்தத் திசையில் போனாலும் ஒரு பொட்டலம் காத்திருக்கிறது. அதனால் வீட்டுச் சாப்பாட்டுப் பக்கம் இன்று நான் போகவில்லை. காலை எட்டரை மணியிலிருந்து சாயங்காலம் நாலேகால் வரை பிள்ளை நம் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதை மட்டும் பேசுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். பேர் வேண்டாம். கொஞ்சம் கனத்த உடம்பு. உயரம், எடை எடுக்கும் நாளில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, மெஷினில் முள் காட்டுவதை நான் சத்தமாகச் சொல்வேன், லீடர் நோட்டில் எழுதுவான். இவன் ஏறினான். ‘அறுபத்திரண்டு’ என்றேன். வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். அடுத்த வாரத்திலிருந்து என் பீரியட் வந்தால் அவனுக்கு வயிற்று வலி. ‘சரி, மரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுடா’ என்று விட்டுவிட்டேன். பத்தாம் வகுப்பு முடியும்வரை எழுதினான். முத்து முத்தான கையெழுத்து. யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தது, அதற்காகவே சம்பளம் வாங்கிய நான்.

போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் அவனே வந்து பேசினான். மகளை கோ-கோவில் சேர்த்திருக்கிறானாம். ‘எடையை மட்டும் எல்லார் முன்னாடியும் பார்க்க வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன் சார்’ என்றான். என்னைக் குத்திக்காட்டிச் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் பஸ் வந்தது கூடத் தெரியவில்லை.

எடை பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கட்டும். கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எண்ணைச் சொல்லாமல் எழுதி, அம்மா அப்பாவிடம் தனியாகக் கொடுக்கட்டும். எடையை மட்டும் பார்த்தும் பிரயோஜனம் இல்லை. வயதோடும் உயரத்தோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வளர்கிற பிள்ளைக்குப் பெரியவர்களின் கணக்கு பொருந்தாது.

இந்த மண்ணில் பள்ளிக்கூடச் சாப்பாட்டின் கதை பசியில் தொடங்கியது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டது. 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்த காமராசர் உங்கள் ஊர்க்காரர், அவரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு. 2022 செப்டம்பரில் காலை உணவு. நூறு வருஷமாக நமக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று: பிள்ளை சாப்பிட்டதா? இப்போது அதே பெஞ்சில் இன்னொரு கவலையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2025-இல் யுனிசெஃப் ஒரு கணக்குச் சொன்னது. உலகம் முழுக்க 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 9.4 சதவீதம் பேர் பருமன், 9.2 சதவீதம் பேர் எடை குறைவு. பருமன் முந்தியது அதுதான் முதல் தடவை. ஆனால் தெற்காசியாவில் இன்னும் மெலிந்த பிள்ளைகள்தான் அதிகம் என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே குண்டுப் பிள்ளைகளைக் குறைக்கிறோம் என்று கிளம்பி, ஒல்லிப் பிள்ளையின் தட்டில் கை வைத்துவிடக் கூடாது. இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே சாப்பாடு: பருப்பு, காய், பயறு, முட்டை. நம் சத்துணவு வரிசையில் அது வாரத்துக்கு ஐந்து முட்டையோடு கிடைக்கிறது. அந்த வரிசையைக் கேவலமாகப் பார்த்துவிட்டு, டப்பாவில் கிரீம் பிஸ்கட்டும் நூடுல்ஸும் கட்டிக் கொடுக்கிறோம். இதை நான் பள்ளிக்குப் பள்ளி பார்த்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதவில்லை. என்ன சொல்கிறோம்? ‘கிரவுண்டை நாலு சுத்து ஓடிட்டு வா.’ பிள்ளை சரியான பதில் சொல்கிறது. என்ன கொடுக்கிறோம்? சாக்லெட். இப்படிப் பத்து வருஷம் பழக்குகிறோம். ஓட்டம் தண்டனை, சர்க்கரை பரிசு. அப்புறம் பதினோராம் வகுப்பில் ஆரோக்கிய வார விழா வைத்து, ஓடுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள் என்று கட்டுரைப் போட்டி நடத்துகிறோம். அதற்குப் பரிசு ஒரு டப்பா மில்க் ஸ்வீட்.

பிறந்தநாள் கணக்கையும் போட்டுப் பாருங்கள். வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். லீவில் வருவதைக் கழித்தாலும் மாதத்துக்கு இரண்டு மூன்று பிறந்தநாள் நிச்சயம். ஆளுக்கொரு சாக்லெட், ஆசிரியருக்கு இரண்டு. நான் பார்த்த ஒரு டீச்சர் அதை அழகாக மாற்றினார். பிறந்தநாள் பிள்ளைதான் அன்றைக்கு கிரவுண்டில் என்ன விளையாட்டு என்று சொல்ல வேண்டும். வகுப்பு முழுக்க அதைத்தான் விளையாடும். மூன்று மாதத்தில் சாக்லெட்டை யாரும் கேட்கவில்லை. ‘மிஸ், நாளைக்கு யாருக்குப் பொறந்தநாள்?’ என்றுதான் கேட்டார்கள்.

2025-இல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று எழுதித் தொங்கவிட வேண்டும். நல்ல யோசனை, நாமும் செய்யலாம். 250 மில்லி கோலாவில் சுமார் 26 கிராம் சர்க்கரை, ஆறு டீஸ்பூனுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் ‘இதற்குள் இருந்தால் ரொம்ப நல்லது’ என்று சொல்லும் ஒரு நாள் அளவு அந்த ஒரு பாட்டிலோடு தீர்ந்துவிடும். ஆனால் பலகை மட்டும் போதாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு காலி பாட்டிலையும் சர்க்கரை டப்பாவையும் ஸ்பூனையும் கொடுங்கள். அவர்களே அள்ளிப் போடட்டும். நாலாவது ஸ்பூனில் ‘ஐயே’ என்று சத்தம் வரும்.

இப்போது என் பீரியட். ஐந்து முதல் பதினேழு வயது வரை தினமும் அறுபது நிமிடம் நன்றாக மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும் என்கிறது அதே சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். பள்ளி கொடுப்பது இரண்டு பீரியட், எண்பது நிமிடம். அதிலும் வரிசையில் நிற்க, அட்டெண்டன்ஸ் எடுக்க, பந்து ரூமின் சாவியைத் தேட என்று பாதி போய்விடும். பத்தாம் வகுப்பு என்றால் அரையாண்டுக்கு அப்புறம் அந்தப் பீரியட் கணக்கு வாத்தியார் வசம். ‘போர்ஷன் முடிக்கணும் சார்’ என்பார். விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையேறி இந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கேட்க வேண்டிய நிலைமை. என்னிடம் வாங்கிய பீரியடை ஒருவர்கூடத் திருப்பித் தந்ததில்லை.

கணக்கு வாத்தியாரை மட்டும் குறை சொல்லி என்ன? கிடைத்த நேரத்தை நாங்களும் ஒழுங்காகச் செலவு செய்யவில்லை. குறுவட்டப் போட்டி வருகிறது என்றால் கபடிக்கு ஏழு பேர், கோ-கோவுக்கு ஒன்பது பேர் என்று பொறுக்கி எடுத்து அவர்களையே பழக்குவோம். மீதி நானூறு பேர் கை தட்டுவார்கள். ஏற்கெனவே ஓடுகிறவனை இன்னும் ஓட வைத்து, உட்கார்ந்திருப்பவனை உட்கார்ந்தே இருக்க விட்டோம்.

வகுப்பு விளையாட்டிலும் அதேதான். ஓடிப் பிடித்து விளையாடுகிற எந்த ஆட்டத்திலும் முதலில் அவுட் ஆவது மெதுவாக ஓடும் பிள்ளை. அவுட் ஆனால் வெளியே உட்கார வேண்டும். ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருப்பதும் அதே பிள்ளை. இது எனக்கு உறைக்க இருபது வருஷம் ஆயிற்று. கடைசிப் பத்து வருஷம் ஒரே ஒரு விதியை மாற்றினேன்: அவுட் ஆனவர் உட்காரக் கூடாது. ஓரமாக நின்று இருபது தடவை ஸ்கிப்பிங், அப்புறம் மறுபடி உள்ளே. இதை நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எதிரணியில் ஒருவர் விழுந்தால் நம் ஆள் ஒருவர் மறுபடி உள்ளே வருகிறார் என்பது கபடியிலேயே இருக்கிறது. மூக்குக்கு முன்னால் இருந்ததை இருபது வருஷம் பார்க்கவில்லை. கிளித்தட்டு, நொண்டி இரண்டிலும் இப்படிச் செய்யலாம். செலவு? ஐந்து ஸ்கிப்பிங் கயிறு.

தண்ணீரைப் பற்றி ஒன்று. கேரளாவில் 2019-இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்க ஆரம்பித்தார்கள். நம் பக்கமும் வந்துவிட்டது. நல்லது. ஆனால் பல பள்ளிகளில் பெண் பிள்ளைகள் காலையில் நிரப்பிய பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். ஏன் என்று ஆண் வாத்தியார்களுக்குத் தெரிவதில்லை. எனக்கும் ஒரு ஆயா அம்மாதான் சொன்னார்: ‘பாத்ரூம்ல தாழ்ப்பா இல்ல சார், எப்படித் தண்ணி குடிக்கும்?’ இரண்டு தாழ்ப்பாளும் ஒரு வாளியும் வாங்கிப் போட்டோம். அதற்கப்புறம்தான் பாட்டில் காலியாக ஆரம்பித்தது. நாள் முழுக்கக் காய்ந்த தொண்டையோடு நாலேகாலுக்கு வெளியே வரும் பிள்ளை கலர் பாட்டிலைத் தேடாமல் வேறெதைத் தேடும்?

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி ஒன்பது வரை டியூஷன். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது, பெரிய பிள்ளைக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். குறைந்தால் பசியைக் கிளப்பும் ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறையும். ஸ்பெஷல் கிளாஸ் வைக்கும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் பேசினால் ரிசல்ட் பற்றிக் கேட்பீர்கள்.

கடைசியாக வாசல். 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. அண்ணாச்சி கடைக்கும் நம் கேட்டுக்கும் நடுவில் எத்தனை அடி என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அவரை மட்டும் பிடித்து என்ன செய்ய? பிள்ளை கையில் இருபது ரூபாயைக் கொடுத்து அனுப்பியது நாம். கூட்டம் தொடங்கும் முன் அவரிடம் பேசினேன். சுண்டல், வேகவைத்த கடலை, கொய்யா, நெல்லிக்காய் வைக்கத் தயார் என்கிறார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘பாக்கெட் மீந்தா அடுத்த மாசமும் விற்கலாம். சுண்டல் மீந்தா சாயங்காலமே ஊசிப்போகும். அந்த நஷ்டம் யாருக்கு சார்?’

எனக்குப் பதில் தெரியவில்லை. மேலாண்மைக் குழு அடுத்த வெள்ளிக்கிழமை கூடுகிறது என்று தலைமையாசிரியர் சொன்னார். அண்ணாச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அன்றைக்காவது ஒரு நாற்காலி போடுங்கள். வணக்கம்.