எண்ணிக்கை சரிதான், இரத்தம் ஏன் நிற்கவில்லை?

[திரையில்: கீறல் விழுந்த விரல், பெரிதாக]

கீறல் விழுந்ததும் முதலில் வந்து சேர்பவை பிளேட்லெட்கள், அதாவது இரத்தத் தட்டணுக்கள். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டையை அடைத்துவிடும். இரத்தம் நிற்காவிட்டால் அவை குறைந்துவிட்டன என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் 1918-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் எட்வர்ட் கிளான்ஸ்மன் விவரித்த நோயில் எண்ணிக்கை சரியாக இருந்தது; அணுக்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். அதனால் உலகில் அபூர்வம்.

சரி, அபூர்வமான நோய் சில இடங்களில் மட்டும் ஏன் குவிகிறது?

[திரையில்: புவேர்ட்டோ ரிக்கோ வரைபடம், வடமேற்கு மூலை]

இந்தத் தீவின் வடமேற்கில் ஹெர்மான்ஸ்கி-புட்லாக் நோய்க்குறி என்ற இன்னொரு பிளேட்லெட் நோய் ஏறக்குறைய 1,800 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பிளேட்லெட்டுக்குள் சின்னச் சின்னப் பைகள் உண்டு. மற்ற அணுக்களை உதவிக்கு அழைக்கும் வேதிப்பொருள்கள் அவற்றில்தான் இருக்கும். இவர்களுக்கு அந்தப் பைகள் உருவாவதில்லை. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் பைகளும் அதே பட்டறையில் தயாராவதால் நிறமும் குறைவு, பார்வையும் மங்கல். நடுவயதில் நுரையீரல் தழும்பேறி இறுகுவதுதான் பெரிய ஆபத்து.

இதற்கும் பழுது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். அங்கே 21 பேரில் ஒருவர் இந்தப் பழுதைச் சுமக்கிறார், தனக்கு நோய் இல்லாமலே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுமப்பவர் இருவர் இணைய வாய்ப்பு 441-ல் ஒன்று. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒன்று. பெருக்கினால் 1,764. மருத்துவர்கள் கண்ட எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது! சொந்தத்தில் மணம் முடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஊரை உருவாக்கிய சிலரில் ஒருவரிடம் பழுது இருந்து, பிறகு வெளியாட்கள் அதிகம் வந்து கலக்காமல் போனாலே போதும்.

[திரையில்: கனடா, கியூபெக்]

கியூபெக் பிளேட்லெட் நோய் இன்னும் விசித்திரம். இதற்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். இங்கே எதுவும் குறையவில்லை, ஒன்று கூடிவிட்டது: யூரோகைனேஸ் மரபணு இரட்டித்திருப்பதை 2010-ல் கண்டறிந்தார்கள். யூரோகைனேஸ் என்பது உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் நொதி. இவர்களின் பிளேட்லெட்டுக்குள் அளவுக்கு மீறி நிரம்பிக் கிடக்கிறது. அதாவது அடைக்க வந்தவனே கரைப்பானையும் சுமந்து வருகிறான்.

இவர்களுக்குப் பல் பிடுங்கியதும் இரத்தம் நின்றுவிடும். அப்புறம் அரை நாளோ ஒரு நாளோ கழித்து மறுபடி கசியும். பிளேட்லெட் ஏற்றினாலும் பலன் இல்லை. டிரானெக்சாமிக் அமிலம் போல, கட்டி கரையாமல் காக்கும் மருந்துதான் கேட்கும். குடும்பத்தில் நோய் இருப்பது தெரிந்தால் பல் பிடுங்கும்போதே அதைக் கொடுத்துவிடலாம்.