ஃபுட்பால் ஃபேன்ஸுக்கு எதுக்கு ஒரு சங்கம்? - சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். "இங்கிலாந்து ஃபுட்பால் பத்தி பேசும்போதெல்லாம் எஃப்எஸ்ஏ எஃப்எஸ்ஏன்னு சொல்றீங்களே, லிவர்பூல்காரனும் மேன்செஸ்டர் யுனைடெட்காரனும் எப்படிங்க ஒரே சங்கத்துல உக்காருவாங்க, உக்காந்து தனி ஃபேனுக்கு அப்படி என்ன கிழிச்சாங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. கிழிச்சாங்களான்னு கேட்டதுக்காகவே கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

எஃப்எஸ்ஏன்னா ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் அசோசியேஷன், இங்கிலாந்து வேல்ஸ் ரெண்டுக்கும் சேத்து. தனி ஆளும் மெம்பர் ஆகலாம், காசு கிடையாது, ஒவ்வொரு கிளப்புலயும் இருக்குற ஃபேன்ஸ் குரூப்பும் இதுல சேரலாம். எப்படி ஒண்ணா உக்காருறாங்கன்னா, சண்டை மைதானத்துக்குள்ளதாங்க. டிக்கெட் விலை ஏறுறது, டிவிக்காக மேட்ச் நேரத்த கடைசி நிமிஷத்துல மாத்தி கடைசி ட்ரெயின விட வைக்கிறது, இதெல்லாம் எந்த கலர் ஜெர்சி போட்டாலும் ஒரே அடிதான். அதுலயும் ஃபேன் மாட்டிக்கிட்ட கஸ்டமர். சோப்பு சரியில்லன்னா அடுத்த தடவ வேற சோப்பு வாங்கிடுவோம், கிளப்ப அப்படி மாத்த முடியுமா, மேன்செஸ்டர் சிட்டி டிக்கெட் விலை ஏறிப்போச்சுன்னு எவனாவது அதே ஊர் யுனைடெட் பக்கம் போவானா? போகமாட்டான்னு ஓனருக்கு நல்லா தெரியும், அதான் பிரச்சனையே.

ஒரு உதாரணம் சொல்றேன். 2013 ஜனவரில ஆர்சனல் மைதானத்துல சிட்டி ஆடுது, வெளியூர் ஃபேனுக்கு டிக்கெட் 62 பவுண்டு. சிட்டிக்கு குடுத்த மூவாயிரம் சொச்சம் டிக்கெட்ல 912 டிக்கெட் விக்காம திரும்பிப் போச்சு. மேட்ச் முடிஞ்சதும் லைன்ஸ்மேனே சிட்டி பிளேயர்ஸ்கிட்ட, போய் அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லுங்கப்பா, 62 பவுண்டு குடுத்து வந்திருக்காங்கன்னு சொன்னது மைக்ல மாட்டிருச்சு, அது தனிக் கதை. அப்ப இந்த சங்கம் எஃப்எஸ்எஃப்ங்கிற பேர்ல இருந்துச்சு, அவங்க "ட்வென்ட்டிஸ் ப்ளென்ட்டி"ன்னு ஒரு கேம்பெயின் ஆரம்பிச்சாங்க, அதாவது வெளியூர் மேட்ச் டிக்கெட்டுக்கு இருபது பவுண்டு போதும்னு. ஊர்வலம் போனாங்க, பேனர் புடிச்சாங்க, வருஷக்கணக்குல பிரீமியர் லீக்கோட, அதாவது அங்க இருக்குற டாப் லீக்கோட, உக்காந்து பேசினாங்க.

அப்புறம் 2016 பிப்ரவரி, லிவர்பூல் புதுசா கட்டுற ஸ்டாண்டுல 77 பவுண்டு டிக்கெட்னு அறிவிக்குது. சண்டர்லாண்டோட மேட்ச், சரியா 77வது நிமிஷம், ஆயிரக்கணக்குல ஜனம் எந்திரிச்சு வெளிய போயிருச்சு. போகும்போது லிவர்பூல் 2-0 லீடிங், முடியும்போது 2-2, பாவம்! நாலஞ்சு நாள்ல ஓனர்ஸ் மன்னிப்பு கேட்டு விலைய வாபஸ் வாங்கினாங்க. அடுத்த மாசமே பிரீமியர் லீக் கிளப்புங்க எல்லாம் சேந்து வெளியூர் ஃபேன் டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு முடிவு பண்ணாங்க, அந்த சீலிங் இன்னும் ஓடிட்டிருக்கு. கேட்டது இருபது, கிடைச்சது முப்பது, ஆனா 62லிருந்து பாருங்க.

இதுல கவனிக்க வேண்டியது, எந்திரிச்சுப் போனது லிவர்பூல் ஃபேன்ஸ், பலன் எல்லா கிளப் ஃபேனுக்கும். கத்துறதுக்கு கேலரில ஆள் குறைச்சலே கிடையாது, அந்த சத்தத்த ஒரு ரூலா எழுத வைக்கிறதுக்குத்தான் பேப்பரும் கையுமா மீட்டிங் மீட்டிங்கா போற ஆளுங்க வேணும். போரடிக்கிற வேலைதான், ஆனா என்னைக் கேட்டா சங்கத்தோட முக்கால்வாசி மதிப்பு அந்த போரடிக்கிற வேலைலதான் இருக்கு.

சங்கம் எப்ப ஆரம்பிச்சுதுன்னா, ஃபேன்ஸ் குரூப்புகளோட பழைய ஃபெடரேஷன் ஒண்ணு 1927லயே இருந்துச்சு, ஆனா இந்த சண்டைக்கார குணம் வந்தது 1985ல. பிரஸ்ஸல்ஸ்ல ஹெய்சல் மைதானத்துல ஃபேன்ஸ் கலாட்டாவுல 39 பேர் செத்துப்போன வருஷம், ஃபுட்பால் ஃபேன்னாலே ரவுடின்னு பேர் ஆயிப்போச்சு, அப்பதான் லிவர்பூல்ல இத ஆரம்பிச்சாங்க. மார்கரெட் தாட்சர் அரசாங்கம் மேட்ச் பாக்கணும்னா அடையாள அட்டை வேணும்னு சட்டம் கொண்டுவந்துச்சு, அத இவங்க எதுத்தாங்க, 1989ல ஹில்ஸ்பரோ மைதான நெரிசல்ல 97 உயிர் போனதுக்கப்புறம், அத விசாரிச்சு வந்த டெய்லர் ரிப்போர்ட்டுதான் அந்தத் திட்டத்த ஊத்தி மூட வச்சுது. ஆனா அதே ரிப்போர்ட் பெரிய மைதானத்துல எல்லாரும் உக்காந்துதான் பாக்கணும்னும் சொல்லிருச்சு. பாதுகாப்பா நின்னு பாக்குற இடம் வேணும்னு கேட்டு கேட்டு அது கிடைக்க 2022 ஆச்சு.

இப்ப தனி ஃபேன் விஷயம். 2008 நவம்பர், ஸ்டோக் சிட்டி ஃபேன்ஸ் ஒரு எண்பது பேர் யுனைடெட் மேட்ச் பாக்க வந்து, மேன்செஸ்டர் பக்கத்துல இர்லம்னு ஒரு ஊர்ல பப்ல உக்காந்திருக்காங்க. சண்டை இல்ல, கலாட்டா இல்ல. போலீஸ் வந்து யாரும் வெளிய போகக்கூடாதுன்னு நிறுத்தி, செக்ஷன் 27னு ஒரு சட்டத்தக் காட்டி, குடிபோதை சம்பந்தமா கலாட்டா வரலாம்னு தோணினா ஆள கெளம்பச் சொல்ல அப்ப இருந்த சட்டம் அது, எல்லாரையும் பஸ்ல ஏத்தி ஸ்டோக்குக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. கைல மேட்ச் டிக்கெட், மேட்ச் பாக்கல. தனியா ஒருத்தன் போய் போலீஸ்கிட்ட கேட்டா என்ன ஆகும் சொல்லுங்க, போப்பா வேலையப் பாத்துக்கிட்டுன்னு முடிஞ்சிரும். சங்கமும் லிபர்ட்டிங்கிற மனித உரிமை அமைப்பும் கூட நின்னதால கடைசில போலீஸ் நஷ்டஈடு குடுத்துச்சு.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்கு குழப்பம். மேட்ச் பாக்க வராதேன்னு ஃபேனுக்குப் போடுற தடை ரெண்டு வகை. கோர்ட் போடுறது பேனிங் ஆர்டர், மூணு வருஷத்துலேருந்து பத்து வருஷம் வரைக்கும் போகும், வெளிநாட்டுல மேட்ச் இருக்குறப்ப பாஸ்போர்ட்டக் கூட ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். கிளப் போடுற தடை வேற, அதுல கோர்ட்டும் இல்ல ஜட்ஜும் இல்ல, புகார் சொல்றதும் அவங்க, தீர்ப்பு சொல்றதும் அவங்க. வீட்டுக்கு ஒரு லெட்டர் வரும், உங்க சீசன் டிக்கெட் கேன்சல்னு. அந்த மாதிரி நேரத்துல எப்படி பதில் எழுதணும், என்ன ஆதாரம் கேக்கணும்னு சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணும், ஸ்டேஷன்ல வக்கீல் வராம எதையும் ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டுராதன்னு சொல்லவும் ஆள் வேணும். கையெழுத்து போட்டா வீட்டுக்குப் போயிரலாம்னு போட்டுட்டு, பின்னாடி அது ரெக்கார்டுல நிக்குதேன்னு முழிக்கிறது சகஜம்.

வெளிநாட்டு டோர்னமென்ட்னா ஃபேன்ஸ் எம்பஸின்னு ஒண்ணு வைப்பாங்க, 1990 இத்தாலி வேர்ல்ட் கப்லேருந்தே பண்றாங்க. பாஸ்போர்ட் தொலைஞ்சா, மைதானத்துக்கு வழி தெரியலன்னா அங்க போய் கேட்டுக்கலாம்.

கீழ கமெண்ட்ல எழுதறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், இவங்களுக்கு வர்ற பணத்துல ஒரு பங்கு பிரீமியர் லீக் குடுக்குறதுதான். அப்ப எப்படி லீக்க எதுப்பாங்கன்னு கேப்பீங்க. நியாயமான சந்தேகம், எனக்கும் அது கொஞ்சம் உறுத்துது. ஆனா கிளப்புகள கண்காணிக்க தனியா ஒரு ரெகுலேட்டர் வேணும்னு இவங்க கேட்டப்ப பிரீமியர் லீக் அந்தப் பக்கம் நின்னு இழுத்துது, அப்படியும் இவங்க விடல, 2025 ஜூலைல சட்டம் வந்துருச்சு. 2012ல கார்டிஃப் சிட்டி ஓனர் நூறு வருஷமா நீலம் போட்ட டீமுக்கு சிவப்பு ஜெர்சி மாட்டிவிட்டாரு, ஃபேன்ஸ் விடாம எதுத்து, 2015ல தான் நீலம் திரும்பி வந்துச்சு. இந்தச் சட்டத்தால இனிமே ஜெர்சி கலர், லோகோவுல கை வைக்கணும்னா ஃபேன்ஸ்கிட்ட கேட்டாகணும்.

அதுக்காக இவங்க போனா எல்லாம் நடந்துரும்னு நினைக்காதீங்க. 2019ல பரின்னு ஒரு கிளப்ப, பிரீமியர் லீக்குக்குக் கீழ இருக்குற லீக்லேருந்தே தூக்கினப்ப இவங்களால அத நிறுத்த முடியல. உங்க டிக்கெட் ரீஃபண்ட் வரலன்னா மொதல்ல கிளப்புக்குத்தான் எழுதணும், எழுதினத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு அப்புறமா இவங்ககிட்ட போங்க. அடுத்த கேள்வி ஆஃப்சைடு பத்தி வந்திருக்கு, பாத்துருவோம்.