மெனு வரைவதற்கு முன்னால் வகை பிரியுங்கள்

வணக்கம். ஒரு வலைத்தளத்தின் மெனுவை வாசிக்கிறேன், கேளுங்கள். முகப்பு, நோய்கள், குழந்தைகள், காணொளிகள், 2023, கட்டுரைகள், உடல்நலம், ஆரோக்கியம், மற்றவை, எங்களைப் பற்றி. இது எந்தத் தளத்தையும் பார்த்துச் சொல்வதல்ல, பேச்சுக்காக நானே சேர்த்தது. ஆனால் இந்தச் சாயலில் ஒரு மெனுவை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல், என்ன செய்யலாம் என்று ஒரு காணொளி கிடைத்தால் நல்லது என்று பதற்றத்தோடு வருகிற ஒரு தாய் இதில் எதை அழுத்துவார்? நோய்களா, குழந்தைகளா, காணொளிகளா? மூன்றுமே பொருந்துகிறது. அப்படியென்றால் மூன்றிலும் போய்த் தேட வேண்டும். உடல்நலத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று வேறு யோசிக்க வேண்டும்.

இந்த மாதிரி மெனுவைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது, மெனுவைத் திருத்த உட்காருவது. நிறத்தை மாற்றுவார்கள், வரிசையை மாற்றுவார்கள், கீழே விரிகிற துணை மெனு வைப்பார்கள். கோளாறு அங்கே இல்லை. அதற்கு ஒரு படி கீழே, உள்ளடக்கத்தை எப்படி வகை பிரித்தோம் என்பதில் இருக்கிறது. வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ருப்பல் என்று, தளத்தின் பதிவுகளை எழுதி வெளியிட உதவுகிற எந்த உள்ளடக்க மேலாண்மை அமைப்பை எடுத்தாலும், நாம் எழுதுகிற ஒவ்வொரு பதிவும் பெரும்பாலும் ஏதோ ஒரு வகைக்குள் போய் உட்கார்கிறது. கேட்டகரி என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். வகை ஒழுங்காக இருந்தால் மெனு அரை மணி நேர வேலை. வகை கலைந்து கிடந்தால் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் மெனு நேராகாது. இதைத்தான் இன்று விரிவாகப் பேச வந்திருக்கிறேன்.

நான் வாசித்த பட்டியலை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். நோய்கள் என்பது பொருள். குழந்தைகள் என்பது யாருக்காக என்பது. காணொளிகள் என்பது வடிவம். 2023 என்பது காலம். நாலு விதமான கேள்விக்கு நாலு விதமான பதிலை ஒரே வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நூலகத் துறையில் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் கொண்டுவந்த கோலன் வகைப்பாடு, ஒரு நூலை ஒரே கிளையில் கொண்டுபோய்த் திணிக்காமல், அதன் பொருள் என்ன, எந்த இடம், எந்தக் காலம் என்று தனித்தனி முகங்களாகப் பிரித்துப் பார்த்தது. இணையத்துக்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய யோசனை, இன்றைக்கு ஒரு வலைத்தளம் கட்டுகிறவருக்கு அப்படியே உதவுகிறது. மெனுவில் ஒரு முகத்தை மட்டும் நிறுத்துங்கள். பொருள் என்றால் பொருள் மட்டும். மற்ற முகங்கள் தேவையில்லை என்று சொல்லவில்லை, அவற்றுக்கு வேறு இடம் இருக்கிறது.

ட்ருப்பலில் இது ரொம்ப இயல்பாக வரும், ஏனென்றால் அங்கே சொற்தொகுதிகளை, அதாவது வகைப்பெயர்களின் பட்டியல்களை, எத்தனை வேண்டுமானாலும் தனித்தனியாக உருவாக்கிக்கொள்ளலாம். பொருளுக்கு ஒன்று, வாசகருக்கு ஒன்று, வடிவத்துக்கு ஒன்று. முதல் தொகுதியை வைத்து மெனு, மற்றவற்றை வைத்து உள்ளே போனபின் வடிகட்டும் வசதி. வேர்ட்பிரஸில் கையோடு வருவது இரண்டு: வகையும், டேக் என்று சொல்கிற குறிச்சொல்லும். குறிச்சொல் 2007-இல் 2.3 பதிப்பில்தான் உள்ளே வந்தது, அதுவரை எல்லாவற்றையும் வகையிலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தப் பழக்கம் இன்னும் பல பேருக்கு விடவில்லை. வகைக்குள் துணைவகை வைக்கலாம், குறிச்சொல்லுக்கு மேல் கீழ் என்று எதுவும் கிடையாது. அதனால் மெனுவுக்கு வகை, பதிவுகளைக் குறுக்கே இணைப்பதற்குக் குறிச்சொல் என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இரண்டும் போதவில்லை என்றால் மூன்றாவதாக நாமே ஒரு வகைப்பாட்டைப் பதிவுசெய்துகொள்ளவும் வழி இருக்கிறது.

ஜூம்லாவின் கதை வேறு. பழைய ஜூம்லாவில் பிரிவு, அதற்குள் வகை, அவ்வளவுதான், இரண்டு அடுக்குக்கு மேல் போக முடியாது. 2011 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் பிரிவையே எடுத்துவிட்டு, வகைக்குள் வகை எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் என்று திறந்துவிட்டார்கள். ஆனால் ஒரு கட்டுரைக்கு ஒரே ஒரு வகைதான், அதில் மாற்றம் இல்லை. பலர் இதைக் குறை என்பார்கள், எனக்கு இது நல்ல கட்டுப்பாடு என்று தோன்றுகிறது. இந்தக் கட்டுரையின் வீடு எது என்று எழுதியவர் கட்டாயம் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இன்னொன்று, ஜூம்லாவில் மெனு வெறும் இணைப்புப் பட்டியல் இல்லை. ஒரு வகையை மெனுவில் சேர்க்கும்போது அதை வலைப்பதிவு மாதிரி காட்டவா, பட்டியலாகக் காட்டவா என்று அங்கேயே கேட்கும், பக்கத்தின் முகவரியும் ஓரத்தில் எந்தெந்தப் பெட்டி வரும் என்பதும் அந்த மெனு உருப்படியைப் பொறுத்தே அமையும். அதனால்தான் ஜூம்லாவில் பழகியவர்கள், வாசகர் கண்ணில் படாத ஒரு மெனுவை உருவாக்கி, எல்லா வகைகளையும் அதில் சேர்த்து வைத்துவிடுவார்கள். முகவரிகள் ஒழுங்காக அமையும்.

வேர்ட்பிரஸில் 2010-இல் 3.0 பதிப்பு வரும்வரை நாமே மெனு அமைக்கும் வசதி கையோடு வரவில்லை. வகைகளின் பட்டியலையோ பக்கங்களின் பட்டியலையோ தளத்தின் தோற்றத்தை முடிவுசெய்கிற தீம் அப்படியே எடுத்துக் காட்டும். இப்போது வேண்டிய வகையைத் தேர்ந்து இழுத்து வைக்கலாம், வேண்டிய பெயரும் கொடுக்கலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புதிதாக ஒரு வகையை உருவாக்கினால் அது தானாக அந்த மெனுவில் வந்து சேராது. சிலருக்கு இது தொல்லையாகத் தெரியும். எனக்கு அது பாதுகாப்பு. ஒரு வகை மெனுவுக்கு வர வேண்டுமா என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசிக்கட்டும். நேற்று பிறந்து இன்னும் ஒரு பதிவுகூட இல்லாத வகையை மெனுவில் வைத்தால், அழுத்தியவருக்கு 'எதுவும் கிடைக்கவில்லை' என்றுதான் வரும், அவர் அந்த மெனுவை அடுத்த முறை நம்ப மாட்டார். நாலைந்து நல்ல பதிவுகள் சேரட்டும், மேலும் எழுதப் போகிறோம் என்பது உறுதியாகட்டும், அப்புறம் மெனுவுக்கு வரட்டும்.

வகைகள் கலைவது எப்போது தெரியுமா? யாரும் திட்டமிட்டுக் கலைப்பதில்லை. பதிவை எழுதி முடித்து, வெளியிடப் போகிற அந்தக் கடைசி நிமிடத்தில் நடக்கிறது. பக்கத்துப் பட்டியில் வகைகளின் வரிசை, அதற்குக் கீழே புதிய வகையைச் சேர் என்று ஓர் இணைப்பு. அவசரம். பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்க்கப் பொறுமை இல்லை. 'உடல் நலம்' என்று இடம் விட்டு ஒருவர் முன்பே வைத்திருக்கிறார், இவர் இடம் விடாமல் 'உடல்நலம்' என்று தட்டி உள்ளிடுகிறார். நமக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டு வகை, இரண்டு முகவரி. மூன்றாவது ஆள் வந்து 'ஆரோக்கியம்' என்று சேர்க்கிறார். ஒரே பொருளைப் பற்றிய பதிவுகள் மூன்று இடத்தில் சிதறிவிட்டன, எந்த இடத்திலும் முழுசாக இல்லை. தமிழில் சேர்த்தும் பிரித்தும் எழுதுகிற வழக்கம் நமக்கு இருப்பதால் இந்தத் தொல்லை நமக்குக் கொஞ்சம் கூடுதல். இதற்கு மருந்து எளிது. வேர்ட்பிரஸில் ஆசிரியர் (எடிட்டர்), நிர்வாகி ஆகிய இரண்டு நிலைக்கும் மட்டும்தான் புதிய வகை உருவாக்கும் உரிமை, எழுத்தாளர் நிலையில் இருப்பவருக்கு அது கிடையாது. எல்லோருக்கும் ஆசிரியர் நிலையை அள்ளிக் கொடுக்காதீர்கள், எழுதுகிறவர் இருக்கிற வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும், புதிது வேண்டுமென்றால் கேட்கட்டும். கேட்க வேண்டும் என்கிற அந்தச் சின்னத் தடையே பாதி வகைகளைப் பிறக்காமல் நிறுத்திவிடும்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு நுணுக்கமும் சொல்கிறேன், இதை அதிகம் யாரும் பேசுவதில்லை. வகைக்குப் பெயர் ஒன்று, முகவரியில் வருகிற ஸ்லக் ஒன்று. தமிழில் பெயர் வைத்துவிட்டு ஸ்லக்கைக் காலியாக விட்டால் வேர்ட்பிரஸ் அந்தத் தமிழ்ப் பெயரையே முகவரிக்குரிய குறியீடாக மாற்றிக்கொள்ளும். 'கல்வி' என்கிற சொல், கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் ககரம், லகரம், புள்ளி, வகரம், இகரக் குறி என்று 5 குறிகள். ஒவ்வொரு குறியும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9, 'கல்வி' என்ற சின்னச் சொல்லுக்கு 45 எழுத்து. ஸ்லக்குக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது மொத்தம் 200. 'சுற்றுச்சூழல் செய்திகள்' என்று இரண்டே சொல்லில் ஒரு வகை வைத்தால், நடுவில் வரும் சிறுகோட்டையும் சேர்த்து 199 ஆகிவிடுகிறது. இன்னும் ஒரு சொல் சேர்த்தால் வால் வெட்டுப்படும். உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழாகத் தெரிந்தாலும், படியெடுத்து யாருக்காவது அனுப்பினால் பல இடங்களில் சதவீதக் குறிகளாக நீண்டு கிடக்கும். பெயர் தமிழில் இருக்கட்டும், அதில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம். ஸ்லக்கை மட்டும் சுருக்கமாக, யோசித்து, நீங்களே கையால் எழுதுங்கள்.

ஒரு பதிவை எத்தனை வகையில் போடுவது? வேர்ட்பிரஸ் எத்தனை வேண்டுமானாலும் அனுமதிக்கும். அனுமதிக்கிறது என்பதற்காக ஐந்தாறு பெட்டியில் டிக் போடாதீர்கள். மெனுவில் இருக்கிற இரண்டு வகையில் ஒரு பதிவு இருந்தால், அந்தப் பதிவைத் திறக்கும்போது வேர்ட்பிரஸ் இரண்டு மெனு உருப்படிக்கும் 'இங்கே இருக்கிறீர்கள்' என்கிற அடையாளத்தைக் கொடுத்துவிடும், தீம் அதை எடுத்துக்காட்டினால் இரண்டும் சேர்ந்து ஒளிரும். வாசகருக்கு எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. பதிவின் தலைப்புக்கு மேல் முகப்பு, கல்வி, தேர்வுகள் என்று வழிகாட்டி வரி வைத்திருந்தால் அதிலும் எந்த வழியைக் காட்டுவது என்ற தடுமாற்றம் வரும். ஒரு வகை, மிஞ்சினால் இரண்டு.

மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு விதியை அடிக்கடி சொல்வார்கள். ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய, ஏழு கூட்டல் கழித்தல் இரண்டு என்ற ஆய்வுரையிலிருந்து இதை எடுக்கிறார்கள். அவர் பேசியது மனதில் ஒரே நேரத்தில் எவ்வளவு வைத்திருக்க முடியும் என்பதைப் பற்றி. மெனுவை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, கண் முன்னால் இருக்கிறது. அதனால் எண்ணிக்கையைவிட, ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் எல்லை தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். தெளிவான ஒன்பது, குழப்பமான ஐந்தைவிட மேல். அதைச் சோதிக்க ஒரு வழி, மெனுவை வாய்விட்டு வாசிப்பது. திரைவாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்றவர்கள் உங்கள் தளத்தை அப்படித்தான் சந்திக்கிறார்கள், ஒன்றன்பின் ஒன்றாக, காதால். 'மற்றவை', 'பொதுவானவை', 'இதர' என்று மூன்றும் அடுத்தடுத்து காதில் விழும்போது எவ்வளவு அர்த்தமில்லாமல் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

சரி, மெனுவில் வகையை வைத்தாயிற்று, வாசகர் அழுத்தினார், என்ன வருகிறது? அந்த வகையின் பதிவுகள், புதியது மேலே, பழையது கீழே, நாம் மாற்றாவிட்டால் பக்கத்துக்குப் பத்து. செய்திக்கு இந்த வரிசை சரி. ஆனால் வழிகாட்டும் கட்டுரைகள் நிறைந்த தளத்துக்கு இது பெரிய அநியாயம். தொடக்கநிலையில் இருப்பவர் முதலில் படிக்க வேண்டிய அடிப்படைக் கட்டுரையைத்தான் நாம் முதலில் எழுதியிருப்போம், அது ஆறாவது பக்கத்தில் போய்ப் புதைந்து கிடக்கும். பதிவை மேலே ஒட்டி வைக்கிற வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். வேர்ட்பிரஸில் அது பதிவுகள் வரிசையாக வரும் முதன்மைப் பக்கத்தில்தான் வேலை செய்யும், வகைப் பக்கத்தில் தானாக மேலே வராது. அதனால் முக்கியமான ஒவ்வொரு வகைக்கும் விளக்கம் என்ற பெட்டியில் நாலு வரி எழுதி, எங்கே தொடங்கலாம் என்று இணைப்புக் கொடுங்கள், உங்கள் தீம் அந்த விளக்கத்தைக் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த வகைக்கென்று ஒரு பக்கத்தைக் கையால் எழுதி, மெனுவில் அதையே வையுங்கள். வகை பின்னால் இருந்து பதிவுகளைத் திரட்டட்டும், முன்னால் நிற்பது மனிதர் எழுதிய பக்கமாக இருக்கட்டும். கைபேசியில் விரல்தான் இருக்கிறது, சுட்டியைக் கொண்டுபோய் மேலே நிறுத்த முடியாது. அதனால் துணை மெனு விரிந்தால்தான் பொருள் புரியும் என்ற நிலையில் தாய்வகையை வைக்காதீர்கள், அதை அழுத்தினாலும் உருப்படியாக ஒரு பக்கம் வர வேண்டும்.

ஏற்கெனவே கலைந்துபோன தளத்தை வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், ஆனால் அவசரமும் வேண்டாம். முதலில் தாளில் எழுதுங்கள். எந்த வகையை எதோடு சேர்க்கப் போகிறோம், எதைக் குறிச்சொல்லாக மாற்றப் போகிறோம் என்று. பதிவுகளைப் புதிய வகைக்கு நகர்த்திய பிறகுதான் பழைய வகையை அழிக்க வேண்டும். வேர்ட்பிரஸில் வகையை அழித்தால் பதிவுகள் அழியாது, வேறு வகை இல்லாத பதிவுகள் எல்லாம், வேர்ட்பிரஸ் தானாகவே வைத்திருக்கும் இயல்புநிலை வகைக்குப் போய்ச் சேரும். அந்த வகையின் பெயரைப் பல தளங்களில் மாற்றியிருக்கவே மாட்டார்கள், 'வகைப்படுத்தப்படாதவை' என்றே இருக்கும். அதை இன்றைக்கே மாற்றுங்கள். அப்புறம், அழித்த வகையின் முகவரியைத் தேடுபொறிகளும் வாசகர்களும் வைத்திருப்பார்கள், ஸ்லக்கை மாற்றினாலும் இதே கதிதான். பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு 301 என்கிற நிரந்தரத் திசைமாற்றம் கொடுத்துவிட்டு, பழைய இணைப்பு ஒன்றிரண்டை நீங்களே அழுத்திப் பாருங்கள், சரியான இடத்துக்குப் போகிறதா என்று. நன்றி, வணக்கம்.