யாருடைய டன்னராக இருந்தால் என்ன

வணக்கமுங்க. கோவைப் பக்கம் ஒரு குடிநீர் நிலையத்தில் முப்பது வருஷம் குளோரின் ரூமைப் பார்த்துக்கொண்டவன் நான். குளோரின் தொழிலில் இருக்கிற சங்கங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

சங்கம் என்றாலே நம்ம ஊரில் நூல் விலை ஏறினால் மனு, கரண்ட் கட்டணம் ஏறினால் கடையடைப்பு. காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரிக்கிறவர்களுக்கு டெல்லியில் இருக்கிற அல்காலி உற்பத்தியாளர் சங்கமும் வரி, விலை என்று பேசத்தான் செய்யும், அதில் தப்பில்லை. உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக்கும் குளோரினும் இரட்டைப்பிள்ளை மாதிரி சேர்ந்தே பிறக்கும், ஒரு டன் குளோரினுக்குக் கிட்டத்தட்ட 1.1 டன் காஸ்டிக். திருப்பூர் சாயப்பட்டறைக்குக் காஸ்டிக் வேண்டுமென்றால் மேட்டூரிலோ வேறெங்கோ குளோரினும் வந்தே தீரும். அந்தக் குளோரினை வாங்க ஆளில்லாமல், கையிலிருந்து காசு கொடுத்து எடுத்துப் போகச் சொன்ன காலமும் உண்டு.

சரி, எனக்கு மரியாதை வந்தது வேறு விஷயத்தில்.

ஒரு ராத்திரி, 900 கிலோ குளோரின் பிடிக்கிற பெரிய இரும்பு உருளை, டன்னர் என்போம், அதில் ஒன்றின் வால்வு கசிந்தது. கசிவு எங்கே என்று பார்க்க, அமோனியாவில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றிப் பக்கத்தில் நீட்டினேன், வெள்ளைப் புகை குப்பென்று வந்தது. சின்னப் பையன் ஒருவன் தண்ணீர்க் குழாயைத் தூக்கினான், கத்தி நிறுத்தினேன். தண்ணீர் பட்டால் அமிலமாகி ஓட்டையே பெரிசாகும். டன்னரை உருட்டிக் கசிகிற வால்வை மேலே கொண்டுவந்தோம், அப்போதுதான் திரவமாகக் கொட்டாமல் வாயுவாகக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கசிவை அடைக்க மூடி போடுகிற கருவிப்பெட்டியோடு, கிட் என்போம், அதோடு முதலில் வந்தது எங்களுக்குச் சரக்கு விற்றவர் இல்லை, பக்கத்து ஆலைக்காரர்! அவர் மூடி எங்கள் வால்வுக்கு அப்படியே உட்கார்ந்தது.

அது எப்படிப் பொருந்தியது என்று அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1924-லேயே குளோரின் இன்ஸ்டிடியூட் என்று சங்கம் வைத்து, சிலிண்டருக்கு ஏ, டன்னருக்கு பி, ரயில் டேங்கருக்கு சி என்று கிட்டுக்கே அளவு வைத்துவிட்டார்கள். 1972-ல் இன்னொன்றும் செய்தார்கள். யாருடைய சரக்கு கசிந்தாலும் கிட்டத்தில் இருக்கிற கம்பெனி ஆள் போக வேண்டும். விலையில் அடித்துக்கொள்கிறவர்கள் கசிவில் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள், பாருங்க.

எனக்கு ஒரு குறை மட்டும் உண்டுங்க. இந்தச் சங்கங்களில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தயாரிக்கிறவர்கள். வாங்குகிற சலவைப்பட்டறை, நீச்சல்குளம், ஊராட்சித் தொட்டி ஆபரேட்டர் இவர்களுக்கு அங்கே யார் பேசுவது? எங்கள் கைக்கு வந்த கையேடு முழுக்க இங்கிலீஷ். கடைசியில் நானே குளோரின் ரூம் கதவில் பெயின்ட்டில் எழுதினேன்: "தண்ணி அடிக்காதே. பள்ளத்துக்குப் போகாதே. காத்து வர்ற திசையைப் பார்த்து மேட்டுக்கு ஓடு." ரெண்டு தடவை சுண்ணாம்பு அடித்தார்கள், கதவை மட்டும் விட்டுவிட்டார்கள்.